வயிற்றோட்டத்துக்குக் கடற்பாசித் தூளா? முதலில் ஜீவனியைக் கரையுங்கள்

மழை தொடங்கியதிலிருந்து சத்தி, வயிற்றோட்டத்தோடு பிள்ளைகளைத் தூக்கி வரும் தாய்மார் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டொக்டர், கடற்பாசித் தூள் குடுக்கலாமா?" கொடுக்கு முன் கேட்பவர்களோடு எனக்குக் கோபமில்லை. அது வைரஸைக் கொல்லும் என்று வட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கொடுத்து, ஓரிரு நாள் பார்த்திருந்து, பிள்ளையின் கண் குழிவிழுந்த பிறகு ஓடி வருகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை, 11 மாதம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்று, மெல்லத்தான் தணிந்தது. அழுகிறான், கண்ணீர் இல்லை. விடியற்காலையில் மாற்றிய பம்பர்ஸ் மத்தியானம் வரை நனையவில்லை. தாயின் பைக்குள் பாதி முடிந்த பச்சைத் தூள் போத்தல் ஒன்று, பக்கத்திலேயே தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த ஜீவனிப் பக்கெட் (ORS) இரண்டு, உடைக்காமலே. "ஜீவனி வைரஸைக் கொல்லாதாமே டொக்டர், இது கொல்லுமெண்டு போட்டிருந்தது" என்றார். சேலைன் ஏற்றிப் பிள்ளையைத் தேற்றிவிட்டோம். அந்தத் தாயில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வாசித்ததில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இத்தனை பேரையும் ஏமாற்றுகிறது.

உண்மை இதுதான். கடற்பாசியில் வைரஸைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. பழுப்புப் பாசிகளில் ஃபுகோய்டன், சிவப்புப் பாசிகளில் கராஜீனன் என்று கந்தகம் சேர்ந்த சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சத்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோவைரஸ் நம் குடற்சுவரில் இருக்கும் சில சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. கொரியா, ஜப்பான் பக்கம் சாப்பிடும் லமினாரியா என்ற பழுப்புப் பாசியிலிருந்து பிரித்த ஃபுகோய்டன் இந்தப் பிடிப்பைத் தடுப்பதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். நோரோவைரஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லாத நிலையில், இது நல்ல ஆராய்ச்சி. நடக்கட்டும், வெற்றி பெறட்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் "ஆய்வுகூடத்தில் தடுத்தது" என்றால் "பிள்ளைக்கு மருந்து" என்று அர்த்தமில்லை. எத்தனை தரம் சொன்னாலும் இது போய்ச் சேருவதாக இல்லை, ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

அந்தச் சோதனைகளில் பல மனித நோரோவைரஸில் நடந்தவையே அல்ல. மனிதரைத் தாக்கும் நோரோவைரஸை ஆய்வுகூடத்தில் நம்பகமாக வளர்க்க 2016 இல்தான் வழி கிடைத்தது, குடலின் மூலக்கலங்களிலிருந்து உருவாக்கிய சிறு குடல் திசுக்களில். அதற்கு முன்னும் பின்னும் பெரும்பாலும் எலியின் நோரோவைரஸையும் அதன் உறவான பூனையின் கலிசிவைரஸையும் வைத்துத்தான் பார்த்தார்கள். அடுத்தது அளவு. அங்கே பயன்படுவது பிரித்துச் சுத்திகரித்து எடை பார்த்த பொருள். உங்கள் போத்தலில் இருப்பது காயவைத்து அரைத்த முழுப் பாசி. அதில் ஃபுகோய்டன் எவ்வளவு இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாது. பச்சைத் தூள்களில் பல ஸ்பைருலினா. அது பழுப்புப் பாசியே இல்லை, சயனோபக்டீரியா என்ற ஒருவகைப் பக்டீரியா. ஃபுகோய்டனை அதில் தேடிப் பயனில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். பல சோதனைகளில் வைரஸையும் பாசிப் பொருளையும் முதலில் கலந்துவிட்டு, அதன் பிறகுதான் கலங்களில் விடுகிறார்கள். உங்கள் பிள்ளை சத்தி எடுக்கத் தொடங்கும்போது வைரஸ் குடற்கலங்களுக்குள் போய்ப் பெருகிவிட்டது. கள்ளன் வீட்டுக்குள் வந்த பிறகு படலையைப் பூட்டி என்ன செய்வது?

ஆய்வுகூடத்தில் ஜெயித்து மனிதரில் தோற்ற கதை கடற்பாசிக்கே உண்டு. கராஜீனன் களிம்பு ஒன்று எச்.ஐ.வி. வைரஸைக் கண்ணாடிக் குழாயில் நன்றாகத் தடுத்தது. தென்னாபிரிக்காவில் 6000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2008 இல் முடிவு வந்தது: தொற்றிலிருந்து பாதுகாப்பு இல்லை. அத்தனை பெரிய சோதனைக்குப் பிறகும் கைவிட வேண்டியிருந்ததென்றால், எந்தச் சோதனையும் காணாத தூளைக் கைக்குழந்தையின் வாயில் எப்படி ஊற்றுவது?

"இயற்கைதானே டொக்டர், பாதகமில்லைத்தானே" என்பது அடுத்தது. நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர் வீடுகளில் செய்யும் கடற்பாசி ஜெலி எனக்கும் பிடிக்கும். அதைச் சாப்பிட வேண்டாமென்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் பழுப்புப் பாசிகளில் அயடீன் மிக அதிகமாக இருக்கலாம், சிறு பிள்ளையின் தைராய்டு அதைத் தாங்காது. கடல் அழுக்காக இருந்தால் ஆசனிக் போன்றவையும் பாசியில் ஏறும். ஃபுகோய்டனுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை உண்டு, ஆகவே இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து குடிக்கும் பெரியவர்கள் ஃபுகோய்டன் குளிசைகளின் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று: 2017 இல் ஜப்பானின் டச்சிகாவா நகரத்தில் பாடசாலைச் சாப்பாட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோரோவைரஸ் தொற்றியது. காரணம் உணவில் தூவிய நறுக்கிய நோரி, அதாவது காய்ந்த கடற்பாசி. அதைப் பதப்படுத்திய இடத்தில் வெறுங்கையால் தொட்டிருந்தார்கள். காய்ந்த பாசியில் வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடந்தது.

சரி, ஜீவனிக்கு வருவோம். ஆம், அது வைரஸைக் கொல்லாது. கொல்லத் தேவையும் இல்லை. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டாவைரஸும் நோரோவைரஸும் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே அடங்கும். பிள்ளையைக் கொல்வது அதற்குள் வெளியே போகும் தண்ணீரும் உப்பும். 1971 இல் பங்களாதேஷ் அகதிகள் நிறைந்திருந்த, இந்தியாவின் மேற்கு வங்காளத்துப் பொங்காவ்ன் முகாமில், சேலைன் முடிந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அது கொலரா. சுமார் 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்குக் கீழே வந்தது. அந்தத் தண்ணீரின் வழிவந்ததுதான் உங்கள் அலுமாரியில் இருக்கும் பக்கெட்.

ஒரு லீற்றர் பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதியைக் கோப்பையில் கொட்டிக் கலக்காதீர்கள், உப்பு கூடினால் அதுவே ஆபத்து. சீனி, சோடா, தேத்தண்ணி எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தரமும் தண்ணியாகப் போன பிறகு 50 முதல் 100 மில்லிலீற்றர். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொறுமையாக, விடாமல். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சியையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். சிங்க் மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வயிற்றோட்டத்தை மறிக்கும் லோபெரமைட் குளிசையைப் பெரியவர்களின் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மீதமிருக்கும் அன்டிபயோட்டிக்கும் வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சனிட்டைசரை நம்பாதீர்கள், நோரோவைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. சத்தி பட்ட தரையைக் குளோரின் கரைசலால் துடையுங்கள். நோய் வந்தவர் சுகமாகி இரண்டு நாள் கழியும் வரை சமைக்க வேண்டாம். ரோட்டாவைரஸுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, ஆறு வாரத்திலிருந்து வாயால் கொடுப்பது. பிள்ளை பிறந்த கையோடு அதைப் பற்றி விசாரியுங்கள், பிந்தினால் கொடுக்க முடியாது.

ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, பிள்ளை சோர்ந்து தூங்கியபடியே இருக்கிறது, குடிப்பதெல்லாம் சத்தியாகிறது, மலத்தில் இரத்தம், பச்சை நிறச் சத்தி, அல்லது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்தால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமென்று வாகனம் தேடி நேரத்தைக் கழிக்காமல், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போங்கள். போகும் வழியிலும் கரண்டியால் ஜீவனி கொடுத்துக்கொண்டே போங்கள்.