கக்கூஸ்: ஒரு சொல்லும் அது போய்ச் சேரும் இடமும்

கக்கூஸ் ஆங்கிலச் சொல் இல்லை. கோர்ட், ஸ்கூல், ஆபீஸ் வரிசையில் இதையும் இங்கிலீஷ்காரர்கள் விட்டுப்போனதாகத்தான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் இது டச்சுச் சொல். டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம். அதோடு வீட்டைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து 'கக்ஹெய்ஸ்' என்றார்கள். அது நம் வாயில் கக்கூஸ் ஆனது.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினமும், 1796 வரை இலங்கையின் கரையோரமும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் குறைவு. ஆனால் ஆழமாகப் பதிந்தவை. நாம் பேசும் 'துட்டு' அவர்களுடைய செப்புக்காசான 'டொய்ட்'. ஈழத்தில் பெரியவர்கள் அலுவலகத்தைச் சொல்லும் 'கந்தோர்' அவர்களுடைய 'கன்டோர்'. கக்கூஸ் சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய' என்றும், மலாயில் 'காக்குஸ்' என்றும் இருக்கிறது. டச்சுக் கப்பல்கள் நின்ற துறைகளை இந்த ஒரு சொல்லை வைத்தே தொடர்ந்து போகலாம்.

ஆக, கக்கூஸ் என்பதன் நேர்ப்பொருள் 'மலவீடு'. ஒளிவு மறைவே இல்லாத சொல். நமக்கு அதன் பொருள் தெரியாததால்தான் அது ஒரு காலத்தில் நாகரிகமாக ஒலித்தது. இன்று அதே சொல் கொச்சையாகிவிட்டது. டாய்லெட் என்றால் மரியாதை. அதுவும் பழகப் பழகத் தேய்ந்து, இப்போது ரெஸ்ட்ரூம் என்கிறார்கள். ஓய்வெடுக்கவா அங்கே போகிறோம்?

சரி, டாய்லெட் என்றால் என்ன? 'சின்னத் துணி'. பிரெஞ்சில் 'துவால்' என்றால் துணி. 'துவாலெத்' அதன் சிறுமை வடிவம். முதலில் துணிமணிகளைச் சுற்றி வைக்கும் சிறு துணிக்கு அந்தப் பெயர். அப்புறம் ஒப்பனை மேசை மேல் விரிக்கும் துணி, பிறகு மேசையிலுள்ள சீப்பும் பவுடரும், பிறகு அலங்கரித்துக்கொள்ளும் செயல், பிறகு அது நடக்கும் அறை. கடைசியில் அந்த அறையோடு ஒட்டியிருந்த கழிப்பறைக்கு வந்து நின்றது. வேறு சொற்களும் இப்படித்தான். லாவட்டரி, லட்ரீன் இரண்டும் கழுவுதலைச் சொல்லும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. க்ளோசெட் என்றால் அடைத்த சிற்றறை. எதிலும் விஷயம் நேராக இல்லை.

இந்த மறைப்புக்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு: இடக்கரடக்கல். அவையில் சொல்லக் கூசும் சொல்லை அடக்கி வேறொன்றால் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்பது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த எடுத்துக்காட்டு. கொல்லைக்குப் போவது, வெளிக்குப் போவது, ஒதுங்குவது, காலைக்கடன் எல்லாம் இந்த வகைதான். தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படி மறைக்கும்போது வழக்கில் நன்றாகப் பழகிவிட்ட சொல்லை நீக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். மறைக்க வேண்டியதை மறை, ஆனால் பழகிய சொல்லைப் பார்த்துப் பயப்படாதே.

தமிழில் இப்போது நிலைத்திருக்கும் சொல் கழிப்பறை. 'கழி' என்ற வினையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாள் கழிகிறது, கணக்கில் கழிக்கிறோம், திருஷ்டி கழிக்கிறோம், பழையன கழிகின்றன. வேண்டாததை நீக்குவது, கடந்துபோவது இரண்டும் அதில் இருக்கின்றன. அருவருப்பு இல்லை, பூசிமெழுகலும் இல்லை. கழிவறை என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது கழிவுக்கான அறை. கழிப்பறையோ கழிக்கும் அறை. கழிவு அங்கே தங்கக் கூடாது, மனிதர் வந்து போகிற இடம் அது; அதனால் கழிப்பறையே சரி என்பது என் எண்ணம். இலங்கையில் 'மலசலகூடம்' என்று அரசுப் பலகைகளிலேயே எழுதுகிறார்கள். மலம், சலம், கூடம். கக்கூஸைப் போலவே நேரடியான சொல், வேர்ச்சொற்கள் மட்டும் வேறு.

கழிவு அங்கே தங்கக் கூடாது என்று எளிதாக எழுதிவிட்டேன். தங்கிய காலமும் உண்டு. 'எடுப்புக் கக்கூஸ்' என்ற சொல் நம் ஊர்த் தெருக்களில் புழங்கியது. எடுத்தது யார் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. சாதியின் பெயரால் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடையும் வாளியும் சுமந்தன. 1993இலும் பிறகு 2013இலும் அதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. கழிப்பறையின் வரலாற்றை எழுதுகிறவர் யாரும் அந்த வாளியைத் தாண்டிப் போய்விட முடியாது. கழித்தது எங்கே போகிறது, அதை யார் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் அந்த வரலாற்றின் பெரிய பாதி.

லண்டன் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை ஜான் ஹாரிங்டன் 1596லேயே வரைந்து காட்டிவிட்டார். அவர் முதலாம் எலிசபெத் அரசியின் ஞானப்பிள்ளை. ஆனால் அது பரவவில்லை. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், குழாயை வளைத்து அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்து காப்புரிமை வாங்கினார். நாற்றம் வீட்டுக்குள் திரும்பாமல் தடுப்பது அந்தக் கையளவுத் தண்ணீர்தான். இன்று உங்கள் வீட்டுப் பீங்கானின் அடியிலும் அதே வளைவு இருக்கிறது. 1851இல் ஹைட் பார்க் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கட்டணக் கழிப்பறைகள் வைத்தார். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தினார்கள். தண்ணீர்க் கழிப்பறையைத் தாமஸ் கிராப்பர் என்பவர்தான் கண்டுபிடித்தார், மலத்தைக் குறிக்கும் 'க்ராப்' என்ற ஆங்கிலக் கொச்சைச் சொல் அவர் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. இரண்டும் தவறு. அவர் 1836இல் பிறந்தவர், நல்ல வியாபாரி. அந்தச் சொல் அவரைவிட மூத்தது.

பொருட்காட்சியில் பார்த்தவர்கள் வீட்டிலும் வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். அதுவரை வீட்டடிக் குழிகளில் தேங்கி, இரவில் அள்ளப்பட்டு வயலுக்குப் போனது, இப்போது வாளி வாளியாகத் தண்ணீரோடு சேர்ந்து மழைநீர்க் கால்வாய்களில் இறங்கியது. கால்வாய்கள் தேம்ஸில் இறங்கின. அதே தேம்ஸிலிருந்து குடிதண்ணீரும் எடுத்தார்கள். காலரா திரும்பத் திரும்ப வந்தது. 1858 கோடையில் ஆறு வெந்து நாறி, கரையிலிருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் பயனில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சட்டம் நிறைவேறியது. ஜோசப் பசால்ஜெட் என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஆற்றுக்கு இணையாக 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகளை மண்ணுக்குள் கட்டினார் அவர்.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தின் 'சூயர்', தண்ணீரை வெளியேற்றுதல் என்ற லத்தீன் பொருளிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம்மிடம் பழைய சொல் அங்கணம். தகாதவர் அவையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டுவதுபோல என்று குறள் சொல்கிறதே, அந்த அங்கணம். மண்ணுக்கடியில் போகும் நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். வீட்டில் கூந்தல் கழுவிய வாசனைநீர் சுருங்கைத் தூம்பு வழியே அகழிக்குப் போவதை மணிமேகலை பாடுகிறது. குழாயைக் குறிக்கும் 'சிரிங்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு இதை அறிஞர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். புத்தகத்தில் சுருங்கை அழகுதான். ஆனால் மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட 'பாதாளச் சாக்கடை'யை எதனாலும் அசைக்க முடியாது. எனக்கும் அசைக்கும் எண்ணமில்லை.

பாதாளச் சாக்கடையில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். மைல்கணக்கில் சரிந்தால் கடைசியில் ஆற்று மட்டத்துக்கும் கீழே போய்விடும். அங்கிருந்து யாராவது மேலே தூக்க வேண்டும். லண்டனின் தெற்குப் பாதிக்கு அந்த வேலையைச் செய்ததுதான் தேம்ஸ் கரையிலுள்ள குரோஸ்னெஸ் நிலையம். 1865 ஏப்ரல் 4 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். ஜேம்ஸ் வாட் கம்பெனி செய்த நான்கு நீராவி எந்திரங்கள், அரச குடும்பத்தின் பெயர்களோடு: விக்டோரியா, பிரின்ஸ் கான்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 11 முறை அசைந்து, ஓர் அசைவுக்கு 6 டன் கழிவுநீரை 30, 40 அடி உயரத்துக்கு ஏற்றியது. அந்த நீர் ஒரு பெரும் தொட்டியில் காத்திருந்து, கடல் வற்றும் நேரம் பார்த்து ஆற்றில் திறந்துவிடப்பட்டது. சுத்திகரிப்பு கிடையாது. நகரத்தைவிட்டு அகற்றினால் போதும் என்பதுதான் அன்றைய அறிவு.

1950களில் இந்த எந்திரக்கூடத்தைக் கைவிட்டார்கள். துருவேறிக் கிடந்ததை 1980களிலிருந்து தன்னார்வலர்கள் கையாலேயே சுரண்டி, எண்ணெய் போட்டு, வண்ணம் தீட்டினார்கள். 2003இல் பிரின்ஸ் கான்சார்ட் மறுபடி நீராவியில் ஓடியது. அதன் துலா 47 டன், சக்கரம் 52 டன். கூடத்தின் நடுவே வார்ப்பிரும்புத் தூண்களும் இலைக்கொடி வேலைப்பாடும் சிவப்பும் பச்சையுமாக, கோயில் மண்டபத்தைப்போல நிற்கின்றன. மலத்தை ஏற்றும் இடத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஊர் உயிரோடிருக்க இதுவே காரணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழைய கழிப்பறைகளையும் அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் நீராவி ஓட்டும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அசையாத எந்திரம் வெறும் இரும்புதான்.

அந்தத் துலாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் பீம் எஞ்சின் என்பார்கள். நடுவில் தாங்கிய நீண்ட உத்தரம். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் உயரும். அதில் தொங்கும் தண்டுகள் கீழேயுள்ள பம்புகளை இயக்கும். நம் கிணற்றடி ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே மேலும் கீழும் நடந்து துலாவை அசைத்தது மனிதர், இங்கே நீராவி. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் அதைத் துலா என்றேதான் சொல்வார்கள். எனவே பீம் எஞ்சினைத் 'துலா எந்திரம்' என்று தயங்காமல் எழுதலாம்.

பம்புக்கு எக்கி என்ற கலைச்சொல் இருக்கிறது. ஆனால் பம்புசெட்டு போடுகிற விவசாயி அதைக் கேட்டால் விழிப்பார். பம்ப் என்றே இருக்கட்டும். பம்பிங் ஸ்டேஷனுக்குக் கழிவுநீர் உந்து நிலையம், கழிவுநீரேற்று நிலையம் என்று செய்திகளில் இரண்டும் வருகின்றன. உந்துவது தள்ளுவது, ஏற்றுவது தூக்குவது. சரிந்து இறங்கிய நீரை மேலே தூக்குவதே இதன் வேலை. ஏற்றம் என்ற நம் சொல்லும் அதே வினையில் பிறந்தது. ஆகவே நீரேற்று நிலையம் என்பதற்கே என் வாக்கு.

இங்கிலாந்தில் இன்னும் பார்க்கத்தக்கவை உண்டு. லெஸ்டரின் அபே நிலையம் 1891இல் நான்கு துலா எந்திரங்களோடு தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். நாட்டிங்ஹாம் பக்கத்துப் பேப்பிள்விக் 1884இல் வந்த குடிநீர் நிலையம். அங்கே ஏறியது கிணற்று நீர்.

ஆனால் எனக்குப் போக ஆசை, கக்கூஸ் பிறந்த நாட்டிலுள்ள குருக்கியஸ் நிலையத்துக்கு. ஹார்லம் ஏரியை வற்றவைத்து நிலமாக்க 1850 வாக்கில் ஓடத் தொடங்கிய அதன் நீராவி உருளை 144 அங்குல அகலம், உலகிலேயே பெரியது. எட்டுத் துலாக்கள் கட்டிடச் சுவரைத் துளைத்து வெளியே நீண்டு நிற்கின்றன, கிணற்றைச் சுற்றி எட்டு ஏற்றம் வைத்ததுபோல. இப்படிப்பட்ட நிலையத்துக்கு டச்சில் 'கெமால்' என்று பெயர். அரைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. நீராவிக்கு முன்பு அங்கே தண்ணீரை வெளியேற்றியவை காற்றாலைகள். மாவரைக்கும் ஆலையும் நீரேற்றும் ஆலையும் ஒரே மாதிரி சுழன்றதால், தண்ணீரையும் 'அரைத்து' வெளியேற்றுவதாகவே அவர்கள் சொல்கிறார்கள். நாம் ஏற்றுகிறோம்.