காரில் கேஸ் கிட் பொருத்தியவர்கள் கவனத்துக்கு: ஏஜென்டிடம் சொன்னது போதாது

தொப்பூர் கணவாயில் அடிபட்ட கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் நசுங்கிய பம்பரைப் பார்ப்பதற்கு முன்பே டிக்கியைத் திறந்து, காரை கேஸில் ஓட்டுவதற்காகப் பொருத்திய கிட்டின் சிலிண்டரைப் படம் எடுத்துக்கொள்கிறார். அந்த கிட் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இல்லையென்றால், க்ளெய்ம் தொகையைக் குறைப்பதற்கோ அடியோடு மறுப்பதற்கோ காரணம் கிடைத்துவிடுகிறது. "இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் அப்போதே சொல்லிவிட்டேன்" என்ற பதில் அங்கே செல்லாது. தருமபுரி, ஓசூர்ப் பக்கம் இப்படித் தவித்தவர்களைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மீறினால், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இவ்வளவுதான், சிக்கல் முழுவதும் அலுவலகத்தில்தான் தொடங்குகிறது.

பாலிசியில் சேர்க்கச் சொன்னால், ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்கிறது இன்சூரன்ஸ் நிறுவனம். ஆர்.டி.ஓ. அலுவலகமோ கிட்டின் அங்கீகாரச் சான்று, பொருத்தியவரின் சான்று, பில், நடப்பு இன்சூரன்ஸ், கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தை மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்புகிறது. முதல் நாளே முழுப் பட்டியலையும் சொல்வதற்கு என்ன செலவாகிவிடும் என்று தெரியவில்லை. பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓசூர்க்காரர்கள் பொருத்திக்கொண்டு வரும் கிட்டுக்குப் பெரும்பாலும் வெறும் பில்தான் இருக்கும், அதை வைத்து ஆர்.சி.யில் ஏற்ற முடியாது. ஆகவே, உங்கள் கார் மாடலுக்கான அங்கீகாரச் சான்றைக் கையில் வாங்காமல் கடைக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி.யில் ஏறியவுடன் அதன் நகலை இணைத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் இந்த மாற்றத்தைச் சேர்த்துத் தரும் குறிப்பு, கேளுங்கள். ஏஜென்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பியிருக்க வேண்டாம். கூடுதல் பிரீமியம் வழக்கமாகக் கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாயும், அதற்கான வரியும்தான். 20,000 ரூபாய் கிட்டுக்கு வரியோடு சேர்த்தும் சுமார் ஆயிரம் ரூபாய்தான் வரும் இந்தத் தொகைக்காக முழுக் காரின் க்ளெய்மையும் பணயம் வைக்கிறார்கள். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் பாலிசியில் கிட் மதிப்புக்கான கட்டத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் நீங்கள் எதையும் அறிவிக்கவில்லை என்றே பொருள். அடுத்த ஆண்டு ஆன்லைனில் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இந்த விவரம் தானாகத் தொடராது என்பதால், பலர் அந்த ஆண்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவற்றின் மதிப்பையும் தனியே எழுதச் சொல்லுங்கள். எழுதாத பொருள் திருடு போனால் பணம் வராது. பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பியை (புல் பார்) மட்டும் அறிவிக்க முயலாமல் கழற்றிவிடுங்கள், மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

க்ளெய்மை மறுத்தால், வாய்மொழியை ஏற்காமல் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஒம்பட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போகலாம். அதற்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது நீங்கள் அனுப்பிய அந்த மின்னஞ்சலின் நகலைத்தான்.