மாட்டுங்கா பால்கனிகளை மூடாதீர்கள்

மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு பழைய கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், விடிகாலையில், இரண்டாம் மாடிப் பால்கனியின் அடியிலிருந்து தேங்காய்மூடி அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு வாசலில் விழுந்தது. நல்லவேளை, யாரும் அங்கே நிற்கவில்லை. அன்று மாலையே குடியிருப்போர் சங்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. நான் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் முடிவுக்கே வந்துவிட்டிருந்தார்கள்: கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான். முதல் மாடியில் அறுபது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு மாமி மட்டும் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "இடிச்சே ஆகணும்னு சொல்றாளே சார், நெஜமாவா?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் எனக்குப் பதில் தெரியாது. சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதே ஒன்று புரிந்தது. அந்தக் கட்டடம் தானாகக் கெட்டுப்போகவில்லை. தண்ணீரை வெளியே தள்ள அதற்கு இருந்த வழிகளை நாம் ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டடங்கள் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியான குடியிருப்புகள் அதற்குப் பெரிய காரணம் என்று அன்று கருதினார்கள். 1898-ல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனைகளாகப் பிரித்து, அகலமான தெருக்களும் தோட்டங்களும் விட்டு, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது அந்த டிரஸ்ட்தான். இங்கே வீடுகள் நிறைய எழுந்தது 1930களிலும் 40களிலும். தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வந்து தங்கிய காலமும் அதுதான். தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே 1932-ல் தொடங்கியது.

அதே சமயம் நகரத்தில் சிமென்ட் கான்கிரீட் பரவிக்கொண்டிருந்தது. பல சிமென்ட் கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. ஆனது 1936-ல். அதுவரை கனமான செங்கல் சுவரும் மர உத்தரமுமாகக் கட்டிவந்த ஊரில், சுவரைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும் பால்கனியையும் மூலையில் வளைந்து திரும்பும் சன்ஷேடையும் கான்கிரீட் சாத்தியமாக்கியது. வளைவுகளும் நேர்கோடுகளுமாக அன்று புதிதாக வந்த ஆர்ட் டெக்கோ என்ற கட்டடப் பாணி இப்படித்தான் பம்பாய்க்கு ஏற்றதாக மாறியது. ஓவல் மைதானத்தின் மேற்குப் பக்கமும் மரைன் டிரைவும் எல்லோருக்கும் தெரியும். 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய 94 கட்டடங்களில் ஓவல் வரிசையும் சேரும். மாட்டுங்கா அந்த எல்லைக்குள் வராது. ஆனாலும் எழுத்தை அலங்காரமாகச் செதுக்கிய பெயர்ப்பலகை, உதயசூரியன் போட்ட இரும்புக் கிராதி, தேக்குக் கதவு, மொசைக் படி என்று அதே வேலைப்பாடுகள் இங்கேயும் தெருத்தெருவாக இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு பெரும்பாலும் குடியிருப்பவர்களின் கையில்தான்.

இவற்றை வெறும் அலங்காரமாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. ஜன்னலுக்கு மேலே புருவம் போல நீண்டு ஓடும் சன்ஷேடு, உச்சி வெயிலையும் தென்மேற்குப் பருவமழையையும் சுவரில் படாமல் தடுக்கிறது. படிக்கட்டின் முழு உயரத்துக்கும் ஒரே கோடாக ஏறும் கிராதி ஜன்னல், உள்ளே சேரும் சூட்டை மேலே ஏற்றி வெளியே விடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. சன்ஷேடின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளி ஓரத்தை ஒட்டி, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளக்கோடு ஓடும். மழைத்தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல், அந்தக் கோட்டில் நின்று கீழே சொட்டிவிடும். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் மரச்சட்டம் வைத்து எடுத்த கோடு அது.

நாங்கள் சோதித்த கட்டடத்தில் அந்தக் கோடு ஏறக்குறைய எல்லா மாடியிலும் பெயின்டாலும் சிமென்ட் பூச்சாலும் அடைந்து கிடந்தது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது? புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், பிஎச் அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அந்தக் காலத்தில் கம்பிக்கு வெளியே விட்ட கான்கிரீட் கனமும் குறைவு. காரம் குறைந்து, கூடவே ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பிக்கும். துரு, தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெம்பும். விரிசல் விடும், அப்புறம் துண்டு பெயர்ந்து விழும். காரம் குறைவதை நாம் எளிதில் தடுக்க முடியாது. ஈரத்தைத் தடுக்க முடியும்.

பால்கனிக்கு வருகிறேன். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அறைக்குள் இருக்கும் தளத்தில் முக்கியமான கம்பி அடிப்பக்கம் இருக்கும். பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவை. அதனால் அவற்றைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். நாம் காலை வைக்கிற தரைக்கு நேர் கீழே. பால்கனியைக் கண்ணாடி ஜன்னல் போட்டு அறையாக்கும்போது என்ன செய்கிறோம்? வெளித்தரை தாழ்ந்திருக்கிறதே என்று உடைந்த செங்கல்லும் மணலும் கொட்டி உயர்த்துகிறோம். அதன் மேல் கிரானைட். தண்ணீர் போகிற துவாரம் மூடிப்போகிறது. ஜன்னல் ஓரத்தில் கசியும் மழைத்தண்ணீர் அந்த நிரப்பலுக்குள் தங்கி, முக்கியக் கம்பியின் மேலேயே மாதக்கணக்கில் ஊறுகிறது. கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பத்து சென்டிமீட்டர் நிரப்பல் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஒரு வீட்டுத்தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் சேர்த்து இன்றைய விதிகள் ஒதுக்கும் சுமையே அவ்வளவுதான்.

துண்டு விழுந்தது இரண்டாம் மாடியில். ஆனால் அதிக ஆபத்தில் இருந்தது மூன்றாம் மாடியில் மூடப்பட்ட ஒரு பால்கனி. கிரானைட்டை எடுத்து, நிரப்பலை அள்ளிப் பார்த்தோம். சில கம்பிகள் பாதியாக மெலிந்திருந்தன. அந்த வீட்டுக்காரர் அதே இடத்தில்தான் பீரோ வைத்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்குப் படபடக்கிறது.

மொட்டைமாடியிலும் இதே கதைதான். ஒழுகுகிறது என்றால் பழைய செங்கல்ஜல்லித் தளத்தை எடுக்காமலே அதன் மேல் இன்னொரு தளம் போடுகிறார்கள். இங்கே மூன்று அடுக்கு இருந்தது.

சரி, கட்டடம் மொத்தமாக எப்படி இருந்தது? தூண்களில் சிறு துளையிட்டு பினாப்தலீன் தெளித்தோம். காரம் இருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும்; காரம் போயிருந்தால் நிறமே வராது. உள்தூண்கள் பெரும்பாலும் கம்பி இருக்கும் ஆழத்தில் சிவந்தன. பால்கனிகள் சிவக்கவில்லை. ஒலி அலைச் சோதனையும் அதையே சொன்னது. எலும்பு நன்றாக இருக்கிறது, விரல்நுனிதான் கெட்டிருக்கிறது என்று மாமியிடம் சொன்னேன்.

மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவுப்படி 30 வருஷம் தாண்டிய கட்டடங்கள் பதிவுபெற்ற பொறியாளரிடம் உறுதிச் சான்று பெற வேண்டும். தணிக்கையில் சி1 என்று வந்தால் காலிசெய்து இடிக்க வேண்டும். சி2ஏ என்றால் ஆட்களை வெளியேற்றிப் பெரிய பழுதுபார்ப்பு, சி2பி என்றால் குடியிருந்தபடியே பழுதுபார்ப்பு, சி3 என்றால் சின்ன வேலை. பகடி வீடுகளில், அதாவது மொத்தமாக முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் இருக்கும் பழைய வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு இந்த எழுத்து வாழ்க்கையையே மாற்றிவிடும். சி1 என்று யாராவது நீட்டினால் உடனே பயந்து கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை இடத்தில் சோதித்தார்கள், எந்தச் சோதனை, முடிவுகள் எங்கே என்று கேளுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் எழுதிய அறிக்கை போதாது. இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு பார்த்து முடிவு சொல்லும்.

உண்மையிலேயே சி1 ஆன கட்டடமும் உண்டு. அதில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. கோட்டைப் பகுதியில் 1860களில் வார்ப்பிரும்புச் சட்டங்களால் எழுந்த வாட்சன் ஓட்டல், பின்னாளில் எஸ்பிளனேடு மேன்ஷன் ஆனது. பல வருஷப் பராமரிப்பின்மைக்குப் பிறகு 2005-ல் அதன் ஒரு பகுதி இடிந்து உயிர் போனது. பழமை மேல் உள்ள பாசத்தால் ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை நான்.

எங்கள் கட்டடத்துக்கு சி2பி வந்தது. கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் புதுக்கம்பி சேர்த்து, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் நிரப்பினோம். மேலாகப் பூசி பெயின்ட் அடித்தால் செலவு குறையும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படிப் பூசினால் துரு உள்ளேயே வளரும், அடுத்த துண்டு இன்னும் பெரிதாக விழும் என்று அவருக்கு விழுந்த துண்டையே காட்டி விளக்கினேன். ஒப்புக்கொண்டார். கடைசியாக, ஒவ்வொரு சன்ஷேடின் அடியிலும் அந்தப் பள்ளக்கோட்டைத் திரும்ப எடுத்தோம்.

மாமி தன் பால்கனிக் கண்ணாடியை முதல் ஆளாகக் கழற்றச் சொன்னார். அடுத்த ஜூனில், நல்ல மழையில் போய்ப் பார்த்தேன். சன்ஷேடின் ஓரத்திலிருந்து தண்ணீர் முத்துச்சரம் போல நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தது, சுவர் காய்ந்திருந்தது. மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டார் மட்டும் பழுதுபார்த்த பால்கனிக்கு மறுபடி கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அவர்களிடம் இன்னொரு முறை பேசப் போகிறேன்.