பிள்ளைச் சாமான் விற்கப் பதிவு எடுக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வன்னியில் ஒரு பிரதேச செயலகத்து வாங்கில், கடைப் பெயரைப் பதிய வந்த ஒரு தங்கச்சி மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மடியில் கைப்பிள்ளை, காலடியில் சீலைப் பை. பைக்குள் விற்கக் கொண்டுபோகிற பனியன்கள், கையுறைகள், ஒரு சின்ன நுளம்பு வலை. வீட்டுக் காணி மாமியார் பெயரில். முதல் நாள் மாமியாரின் சம்மதக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் கடிதம் இருந்தது, மாமியாரின் அடையாள அட்டைப் பிரதி இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் இருந்தது, அந்த வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர் லீவு. மூன்று நாளும் பஸ் காசு போனது, வியாபாரமும் இல்லை. என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

விசயம் இதுதான். கடைக்கு ஒரு பெயர் வைத்து விற்றால், வீட்டுத் திண்ணையில் விற்றாலும் பேஸ்புக்கில் விற்றாலும், அந்தப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். 1918 இல் வந்த வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டம் தொழில் தொடங்கி 14 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. உங்கள் சொந்தப் பெயரிலேயே, வேறு எந்தச் சொல்லும் சேர்க்காமல் விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வங்கியோ கடன் திட்டமோ முதலில் கேட்பது பதிவுப் பத்திரத்தைத்தான்.

பதிந்தாயிற்று, இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. வியாபார அனுமதிப்பத்திரமும் தொழில் வரியும் சபையின் வேலை. கிளிநொச்சியின் கண்டாவளையில் இருப்பவருக்குச் செயலகம் கண்டாவளை, சபையோ கரைச்சி. செயலகத்தில் இருப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பிறகு சபையிலிருந்து ஆள் வந்து ‘உரிமம் எங்கே’ என்று கேட்கும்போதுதான் தெரியவரும். எல்லாத் தொழிலுக்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படாது, சிலவற்றுக்கு வரி மட்டும்தான். ஆகவே எதற்காகக் காசு வாங்குகிறார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது காணிதான். பதிவுக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். காணி உறுதி இருந்தால் கரைச்சல் இல்லை. வன்னியில் எத்தனை பேரிடம் உறுதி இருக்கிறது? அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணி, அதுவும் அப்பா பெயரில், அல்லது மாமியார் பெயரில். அப்படியானால் பேமிட்காரரின் சம்மதக் கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, பேமிட்டின் பிரதி மூன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். கடிதத்தில் கிராம அலுவலரின் ஒப்பத்தையும் முதலே எடுத்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

பேமிட் கணவர் பெயரில், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் ‘மரணச் சான்றிதழ் கொண்டுவாங்கோ’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். பனியன் விற்க வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமல்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அதற்காக யாரும் மரணச் சான்றிதழில் கையெழுத்திடத் தேவையில்லை. நீங்கள் அந்தக் காணியில்தான் குடியிருக்கிறீர்கள் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். பதிவது கடையின் பெயரை. காணியை உங்கள் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை என்பதை அந்த மேசையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

‘ஆம்பிளை ஒருவரின் பெயரில் போடுங்கோ, சுகம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தம்பி பெயரில் பதிந்தால் சட்டப்படி கடை தம்பியுடையது. அவர் வெளிநாடு போனால் நீங்கள் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

படிவத்தில் தொழிலின் தன்மை என்ற இடத்தில் ‘ஆடை’ என்று மட்டும் எழுதாதீர்கள். நாளைக்குத் தொட்டிலோ பம்பேர்ஸோ விற்கத் திருத்தத்துக்கு அலைய வேண்டிவரும். ‘சிறுவர் ஆடைகள் மற்றும் சிறுவர் பாவனைப் பொருட்கள் சில்லறை விற்பனை’ என்று அகலமாக எழுதுங்கள். பால்மா, பிள்ளை உணவு என்று எழுதினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உள்ளே வருவார். உண்மையில் விற்பதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

படிவத்தை வாங்கிக்கொண்டு ‘பிறகு வாங்கோ’ என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். உங்கள் பிரதியில் திகதியும் ஒப்பமும் கேளுங்கள். தரமாட்டோம் என்றாலோ, காரணம் சொல்லாமல் இழுத்தடித்தாலோ, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, எந்த ஆவணம் குறைவு’ என்று செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். கோரிக்கை குறித்து 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கடிதம் போன பிறகு காணாமல்போன கோப்பு கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் பிள்ளைச் சாமானுக்கே உரிய பொறி. பால்மா, பால்போத்தல், சூப்பி ஆகியவற்றை விற்கலாம். விளம்பரம் செய்யக்கூடாது. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஒழுக்கக் கோவையைப் பின்பற்றி, தாய்ப்பாலூட்டலைப் பாதுகாக்க இலங்கையிலும் ஒரு கோவை இருக்கிறது. ‘இரண்டு பனியன் எடுத்தால் பால்போத்தல் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் போடுவது, போத்தலுக்கு விலைக்கழிவு அறிவிப்பது, பால்மா ரின்களைக் கண்ணில்படும்படி அலங்கரித்து அடுக்குவது எல்லாம் அதற்கு எதிரானவை. மொத்த வியாபாரி கொண்டுவந்து ஒட்டச் சொன்னார் என்பதற்காக ஒட்டாதீர்கள். கேள்வி வந்தால் நிற்கப்போவது நீங்கள்.

கொழும்பு புறக்கோட்டையில் மலிவு என்று லேபல் இல்லாத பவுடரும் கிறீமும் மூட்டையாக எடுத்து வராதீர்கள். இறக்குமதியாளரின் பெயர், விலை, முடிவுத் திகதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பொதியில் அச்சிட்ட விலைக்குமேல் விற்பது குற்றம். பஸ் கூலி கூடிவிட்டது என்ற காரணம் அங்கே எடுபடாது.

பதிந்தால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கொடுப்பனவு 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தின் நிலையைப் பார்ப்பது. கடைப் பெயரைப் பதிந்தது மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. டின் எனப்படும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கமும் அப்படித்தான். நடைமுறைக் கணக்குத் திறக்க வங்கி அதைக் கேட்கும், எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வரி வராது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை.

அப்புறம் ஒன்று. சபையின் அனுமதிப்பத்திரம் எப்போது எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். நவம்பரில் போகிறவர் முழு ஆண்டுக் காசையும் கட்டுவதற்கு முன், ஜனவரியில் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.