மீநுண்துகள்

மூளைப் புற்றுநோய் சிகிச்சை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் நானோ துகள், நுண்துகள், மீநுண்துகள் மூன்றும் ஒரே பொருளில் புழங்குகின்றன. நடுவில் உள்ளது பொருந்தாது.

கிரேக்க மொழியில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். அதிலிருந்து பிறந்த ‘நானோ’, 1960இல் பன்னாட்டு அலகு முறையில் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்கப்பட்டது. ‘நானோ தொழில்நுட்பம்’ என்ற தொடரை 1974இல் முதலில் பயன்படுத்தியவர் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களை ‘நானோ துகள்’ என்று அழைக்கிறார்கள்.

தமிழில் ‘நுண்’ என்பதை மைக்ரோவுக்குக் கொடுத்துவிட்டோம்: நுண்ணோக்கி, நுண்ணுயிர். மைக்ரோமீட்டர் நானோமீட்டரைவிட ஆயிரம் மடங்கு பெரியது. மூளையின் மயிரிழை இரத்தக் குழாய்களுக்குக் குறுக்களவே சில மைக்ரோமீட்டர்தான். அதே அளவுத் துகள் நுழைந்தால் குழாய் அடைபடும். எனவே மிகுதியைக் குறிக்கும் ‘மீ’ முன்னே வர வேண்டும். ‘மீயொலி’ நமக்குப் பழகிய சொல். ‘மீநுண்’ணும் அவ்வழியில் அமைந்ததே.

இந்தச் சொல்லை ஒட்டி ஒரு தவறான கருத்தும் பரவியிருக்கிறது: மிகச் சிறியது என்பதாலேயே மூளைக்குள் நுழைந்துவிடும் என்பது. அப்படியல்ல. மூளைக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்துள்ளன. இந்தக் குருதி–மூளைத் தடையைப் பெரும்பாலான மருந்துகள் தாண்டுவதில்லை. கட்டியின் நடுவில் தடை ஓரளவு சிதைந்திருக்கும்; ஆனால் நலமான திசுவுக்குள் புற்றுச்செல்கள் ஊடுருவும் விளிம்பில் அது பெரிதும் உறுதியாகவே நிற்கும். சிகிச்சையின் உண்மையான இடர் அங்கேதான். அதனால் ஆய்வாளர்கள் துகளின் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரின் போன்ற புரதத்தைப் பொருத்துகிறார்கள். இரும்பை ஏந்திவரும் அப்புரதத்தைச் சுவர்ச்செல்லின் ஏற்பி, அதாவது அதற்கென அமைந்த பிடிப்பிடம், பிடித்து உள்ளிழுக்கும்போது துகளும் கூடவே செல்கிறது.

தடையைச் சுற்றிப் போகும் வழியும் உண்டு. ஐரோப்பாவில் 2010இல் ஒப்புதல் பெற்ற ஒரு முறையில், சுமார் 12 நானோமீட்டர் மையப்பகுதி கொண்ட இரும்பு ஆக்சைடு துகள்களை நேரடியாகக் கட்டிக்குள் செலுத்தினார்கள். வெளியிலிருந்து வேகமாகத் திசைமாறும் காந்தப்புலத்தில் அவை சூடேறிப் புற்றுச்செல்களைத் தாக்கின. கதிரியக்கச் சிகிச்சையும் உடன் அளிக்கப்பட்டது.

மருந்தை அடக்கிய கொழுப்புக் குமிழி, பலபடித் (பாலிமர்) துகள், உலோகத் துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘மீநுண்பொருள்’ எனலாம். அளவைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘நானோமீட்டர்’ அப்படியே இருக்கட்டும். அலகின் பெயரை மாற்றினால் வாசகர் எண்ணை ஒப்பிட முடியாமல் தவிப்பார்.