கண் டாக்டரிடம் வைட்டமின் டப்பாவையும் காட்டுங்கள்

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைச் சொல்வார்கள். வைட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நயாசின், அதாவது வைட்டமின் பி3 சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் விட்டால், கண்ணில் என்ன கோளாறு என்பதையே தப்பாகக் கணிக்க நேரிடும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான நயாசின் சுமார் 14 முதல் 16 மில்லிகிராம். ரத்தக் கொழுப்பைக் குறைக்க எடுப்பவர்களோ ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை போகிறார்கள். 1,500 மில்லிகிராமைத் தாண்டும்போது வெகு சிலருக்கு விழித்திரையின் மையமான மாக்குலாவில் சிறு சிறு நீர்ப்பைகளாக வீக்கம் வருகிறது. 1973இல் அமெரிக்கக் கண் மருத்துவர் டொனால்ட் காஸ் இதை விவரித்தார்.

பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கும். ஜன்னல் கம்பி வளைந்து தெரியும். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் நீர்ப்பைகள் பளிச்சென்று தெரியும். ஆனால் கையில் சாயம் ஏற்றி, கண்ணின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் கசிவே இருக்காது. சர்க்கரை நோய் வீக்கத்தில் ரத்தக்குழாய் கசிந்து சாயம் பரவும். இதில் குழாய்களில் கோளாறு இல்லை; விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கும் முல்லர் செல்களே நீர் கோத்து உப்புவதாகக் கருதப்படுகிறது. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவுகட்டினால், தேவையே இல்லாத ஊசி கண்ணுக்குள் போகும்.

நயாசினை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வீக்கம் வடிந்து பார்வை தெளிகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததென்றால் அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

லேபிளில் நயாசின், நிகோடினிக் ஆசிட், வைட்டமின் பி3 என்று எந்தப் பெயரிலும் இருக்கலாம். 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று போட்டாலே 1,500 ஆகிவிடும். சாதாரண பி-காம்ப்ளெக்ஸில் இருப்பது பெரும்பாலும் பி3இன் இன்னொரு வடிவமான நிகோடினமைடு, அதுவும் 100 மில்லிகிராம் அளவில்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வைட்டமின் ஏ வேறு விதமாகக் கெடுக்கும். பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐயு (லேபிளில் IU என்றிருக்கும் அலகு). மல்டிவைட்டமினோடு மீன் ஈரல் எண்ணெயும் எடுப்பவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வரம்பை வெகுவாக மீறி நீண்ட நாள் எடுத்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு வீங்கலாம். தலைவலியோடு, குனிந்து எழும்போது சில நொடி பார்வை இருண்டால் உடனே காட்டுங்கள். தாமதித்தால் பார்வை நிரந்தரமாகக் குறையக்கூடும்.

கண்ணுக்கென்றே விற்கும் மாத்திரை வாங்கினால் அதில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) இருக்கிறதா என்று பாருங்கள். அதிக அளவில் அது புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. 2013இல் வெளியான, மாக்குலா தேய்வுக்கான ஏரெட்ஸ்-2 என்ற அமெரிக்க ஆய்வுக்குப் பின் அதற்குப் பதில் லூட்டின் 10, சியாக்சாந்தின் 2 மில்லிகிராம் என்ற இரு நிறமிச் சத்துகளைச் சேர்க்கிறார்கள். அந்தக் கலவையும் வயதால் மாக்குலா தேயத் தொடங்கி நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்குத்தான். நல்ல கண்ணுக்கு அது வேண்டியதில்லை.