ஒரு ‘பிகாஸ்’, மூன்று வேலை

அறிஞர் அண்ணாவைப் பற்றி நம் ஊரில் சுற்றிவரும் கதை ஒன்று உண்டு. ‘பிகாஸ்’ என்ற சொல் அடுத்தடுத்து மூன்று முறை வரும்படி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று வெளிநாட்டு மாணவர்கள் கேட்டார்களாம். “நோ சென்டென்ஸ் என்ட்ஸ் வித் பிகாஸ் பிகாஸ் பிகாஸ் இஸ் எ கன்ஜங்ஷன்” என்றாராம் அண்ணா. எந்த வாக்கியமும் பிகாஸில் முடியாது, ஏனென்றால் பிகாஸ் ஓர் இணைப்புச்சொல். நடந்ததோ இல்லையோ, கதை ஜோர். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிள்ளை “ஒய்? ஒய்?” என்று நச்சரித்தால், அம்மா “பிகாஸ்!” என்று ஒரே சொல்லில் வாயடைத்துவிடுவதும் உண்டு. அதெல்லாம் வாக்கியமே இல்லை என்று இலக்கண வாத்தியார் சண்டைக்கு வரலாம்.

இந்தச் சொல் முதலில் இரண்டு சொற்கள். ‘பை’, அதாவது ‘ஆல்’, ஆங்கிலம். ‘காஸ்’, அதாவது காரணம், பிரெஞ்சு வழியாக வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் சேர்த்து, பின்னால் ஒரு ‘தட்’டும் போட்டு எழுதினார்கள். போகப்போக ‘தட்’ உதிர்ந்தது. அண்மையில் வாக்கியமே உதிர்ந்துவிட்டது: “பிகாஸ் சயின்ஸ்” என்று ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் ஒட்டி, மீதியை நீயே புரிந்துகொள் என்கிறார்கள். 2013-ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்க வட்டாரவழக்குச் சங்கம் ‘பிகாஸ்’ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் புதுப் பழக்கம்தான் காரணம்.

சரி, அது செய்யும் வேலைக்கு வருவோம். “த ரோட் இஸ் வெட் பிகாஸ் இட் ரெயின்ட்.” மழை பெய்ததால் சாலை நனைந்திருக்கிறது. இதில் சிக்கல் இல்லை. அப்புறம் இதைப் பாருங்கள்: “ஹி இஸ் ஹோம், பிகாஸ் த லைட்ஸ் ஆர் ஆன்.” விளக்கு எரிவதாலா அவன் வீட்டில் இருக்கிறான்? இல்லை. விளக்கு எரிவதால், அவன் வீட்டில் இருப்பதாக *நான் நினைக்கிறேன்*. இங்கே காரணம் நிகழ்ச்சிக்கு இல்லை, என் ஊகத்துக்கு. மூன்றாவது இன்னும் வேடிக்கை: “ஆர் யூ பிஸி? பிகாஸ் ஐ நீட் ஹெல்ப்.” எனக்கு உதவி வேண்டும் என்பதால் நீங்கள் பிஸி ஆகிவிடுவதில்லை; நான் கேள்வி கேட்டதற்கு அது காரணம். நிகழ்ச்சி, ஊகம், பேச்சு என்ற இந்த மூன்று தளங்களையும் அமெரிக்க மொழியியலாளர் ஈவ் ஸ்வீட்சர் 1990-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

தமிழில் பேசிப் பார்த்தால் இந்தப் பிரிவு உடனே பிடிபடும். முதலாவதுக்கு ‘பெய்ததால்’ போதும். இரண்டாவதில் “விளக்கு எரிவதால் அவன் வீட்டில் இருக்கிறான்” என்றால் ஏதோ இடறுகிறது. “விளக்கு எரியுதே, அப்ப வீட்டில்தான் இருக்கிறான்” என்போம். மூன்றாவதுக்கு நம்மிடம் தனிச் சொற்றொடரே உண்டு: “ஏன் கேட்கிறேன்னா…” நாம் வெவ்வேறு வழியில் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து, எது எது என்று காட்டும் பொறுப்பைக் கமாவிடமும் குரல் இடைவெளியிடமும் விட்டுவிடுகிறது.

காரணம் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல்லான ‘ஸின்ஸ்’ஸின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்கு ‘அதற்குப் பிறகு’ என்றுதான் பொருள். காலம் மெல்லக் காரணமாக மாறியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. “நீ வந்த பிறகு எனக்கென்ன கவலை” என்று சொல்லும்போது நாமும் அதையே செய்கிறோம். ஆனால் “ஒய்?” என்று கேட்டால் ‘ஸின்ஸ்’ போட்டுப் பதில் சொல்ல முடியாது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்கே அது பெரும்பாலும் பொருந்தும். புதிய காரணத்தைச் சொல்ல ‘பிகாஸ்’தான் வசதி.

எதிர்மறை வாக்கியத்தில் வந்தால் ‘பிகாஸ்’ குட்டையைக் குழப்பிவிடும். “ஐ டிடின்ட் மேரி ஹிம் பிகாஸ் ஹி வாஸ் ரிச்” என்று ஒரு பெண் சொல்கிறாள். பணக்காரனாக இருந்ததால் அவனை வேண்டாம் என்றாளா? அல்லது மணந்துகொண்டாள், ஆனால் பணத்துக்காக இல்லை என்கிறாளா? இரண்டுமே சரி. நேரில் பேசினால் குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில், ‘பிகாஸ்’ஸுக்கு முன்னால் ஒரு கமா வைத்தால் கல்யாணம் நடக்கவில்லை என்று பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.